குமரிமுனையில் புது விடுதி: அறை எடுக்கும் முன் பால்கனியின் அடியைப் பாருங்கள்

கன்னியாகுமரி ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால் சிறிது தூரத்திலேயே கடல் வந்துவிடும். வழியெல்லாம் லாட்ஜ்கள். ஒன்றை இடித்துவிட்டு ஒன்று, ஒன்றின் மேல் இன்னும் இரண்டு மாடி என்று எங்காவது சாரம் கட்டி நிற்கும். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு ஊரின் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தாலும் அலை கொந்தளித்தாலும் சிலைப் பக்கம் படகு அணைய முடியாது. பாறையோடு திரும்ப வேண்டியதுதான். இப்போது பாறையில் இறங்கினால் சிலைக்கு நடந்தே போகலாம். ஆனால் பாறைக்கே படகு போகாத நாள்களும் உண்டு என்பதால், ஓர் இரவு கூடுதலாகத் தங்கும்படி திட்டமிடுவது நல்லது.

அறையை எந்தத் திசையில் எடுப்பது? 'சூரிய உதயம் தெரியும் அறை' என்ற பலகையை அப்படியே நம்ப வேண்டாம். இந்த ஊரில் சூரியன் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஆனியில் நேர்கிழக்கிலிருந்து 23 பாகைக்கும் மேல் வடக்கே, மார்கழியில் அதே அளவு தெற்கே. அஸ்தமனமும் அப்படித்தான்: மார்கழி, தையில் தென்மேற்கே கடலுக்குள் இறங்கும் சூரியன், ஆனியில் வடமேற்கே கரைப்பக்கம் சாய்ந்துவிடும். ஜூன் மாதம் போகிறவர் அஸ்தமனத்துக்கென்று மேற்கு அறைக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். காற்றும் அப்போது அந்தப் பக்கத்திலிருந்துதான் வீசும், உப்பை அள்ளிக்கொண்டு.

அந்த உப்புதான் இங்கே கட்டடங்களுக்கு எமன். காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஊறிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்து நெம்பி, கான்கிரீட்டைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்துத் தள்ளும். இதற்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 வழி சொல்லியிருக்கிறது. கடற்கரைச் சூழலில் குறைந்தது எம்30 (வலுவைக் குறிக்கும் தர எண்) கான்கிரீட், கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன்). அலைத்துளி தெறிக்கும் இடமென்றால் எம்35, 340 கிலோ, 50 மில்லிமீட்டர். இரண்டுக்குமே தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது. அதாவது 50 கிலோ மூட்டைக்கு 22½ லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. கலவை இறுகிப்போய் ஆட்களுக்குக் கை வலிக்கும்போது ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவதுதான் நடைமுறை. அந்த வாளியில்தான் கட்டடத்தின் ஆயுள் பாதி கரைகிறது. ஓட்டம் வேண்டுமென்றால் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கலாம், தண்ணீர் அல்ல. உவர்ப்பான கிணற்று நீரில் கலப்பதும் நனைப்பதும் அதைவிட மோசம்: குளோரைடு வெளியிலிருந்து வரக் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் நாளே உள்ளே குடியேறிவிடும்.

பால்கனி தனிக் கதை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் தளம் என்பதால் முக்கியக் கம்பி மேல்புறம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்தால் கம்பி கீழே அமுங்கும். கம்பிக்கு அடியில் 'சேர்' (நாற்காலிபோல் வளைத்த முட்டுக்கம்பி) வைத்துத் தாங்காவிட்டால் நுனி பின்னாளில் தொங்கும். நுனியின் அடிப்பக்கம் நெடுக ஒரு நீர்வடிப் பள்ளம் விடாவிட்டால் மழைநீர் அடியிலேயே ஊர்ந்து சுவர்வரை போகும். எனவே வரவேற்பறையின் கிரானைட்டைப் பார்த்து மயங்காமல், தெருவில் நின்று அண்ணாந்து பால்கனிகளின் அடியைப் பாருங்கள். கம்பி ஓடும் திசையில் பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது. புதிதாக வெள்ளையடித்த திட்டுகள் தெரிந்தால் இன்னும் சந்தேகப்படலாம்.

கைப்பிடிக் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். உள்ளூர்ப் பட்டறைகளில் '304' என்று விற்கும் துருப்பிடிக்காத எஃகு, கடலோரத்தில் தேநீர்க் கறைபோல் பழுப்பேறும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்வதால் நன்றாகத் தாங்கும், விலையும் அதிகம். பற்றவைத்த இடத்தை மெருகேற்றாமல் விட்டால் அதுவும் அங்கிருந்துதான் கறைபடத் தொடங்கும். நழுவுக் கதவின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகள் மணலால் அடைத்திருந்தால், ஆடிக்காற்றோடு அடிக்கும் மழை முழுக்க அறைக்குள்தான். முகப்பு முழுதும் கண்ணாடி பதிப்பது இந்த ஊருக்கு ஒவ்வாத ஆசை. வாரத்துக்கொரு முறை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் கடலும் தெரியாது, பாறையும் தெரியாது.

அந்த நல்ல தண்ணீர்தான் அடுத்த சிக்கல். கடலோர ஒழுங்காற்று விதியின்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது உள்ளூர் மக்களின் தேவைக்கு மட்டுமே. விடுதிக்குக் குழாய்த் தண்ணீர், இல்லையேல் லாரித் தண்ணீர். சோப்பு சரியாக நுரைக்காவிட்டால் ஏதோ உவர்நீர் வருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கடலை விட்டு நாகர்கோவில் பக்கம் தங்குகிறவர்களுக்கு உப்புத் தொல்லை குறைவு, ஆனால் அங்கே பழையாறு இருக்கிறது. ஒழுகினசேரி வழியாகச் சுசீந்திரம் போய் மணக்குடியில் கடல் சேரும் ஆறு. கரையை அழகுபடுத்த நடைபாதையும் விளக்கும் போடலாம்; முதலில் சாக்கடைக் குழாய்களை மறித்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பாவிட்டால் ஆகாயத்தாமரையும் கொசுவும்தான் அழகுபெறும். வரிசை தலைகீழானால் பின்னால் குழாய் பதிக்க அதே நடைபாதையைத் தோண்ட வேண்டிவரும். கழிமுகத்தை நெருங்க நெருங்கக் கடலோர விதி ஆற்றுக்கும் பொருந்தும். அதன் எல்லை, வறண்ட காலத்தில் ஆற்றுநீரின் உப்பு ஆயிரத்தில் 5 பங்காக இருக்கும் இடம் வரை. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022 முதல் ராம்சர் (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்கள்) பட்டியலிலும் உள்ளன, ஆகவே அந்தப் பக்கம் கரையோரம் கட்டுவது இன்னும் கவனம் கேட்கும் காரியம்.

மலையிலிருந்து கடலுக்கு இந்த மாவட்டத்தில் தூரம் குறைவு. வெள்ளம் சேதி சொல்லிவிட்டு வராது. 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையே துண்டிக்கப்பட்டது. இருபுறமும் சுவர் எழுப்பி ஆற்றை ஒடுக்கினால் நீர் அகலத்துக்குப் பதில் உயரத்தைத் தேடும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றையொட்டிய விடுதியில் அறை எடுத்தால், வண்டியை அடித்தளத்தில் விடாமல் தெரு மட்டத்தில் நிறுத்துங்கள். நீர் இறைக்கும் மோட்டாரும் ஜெனரேட்டரும் அடித்தளத்திலேயே இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமென்றால், தண்ணீர் புகுந்த இரவில் இரண்டும் சேர்ந்தே நின்றுபோகும், லிஃப்டும் ஓடாது.