ஸ்லைஸுக்கு நாலு சதுரம்

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் கோடு போடுவதுதான். ஞாபக மறதி பற்றிய ஓர் ஆய்வு. எம்.ஆர்.ஐ. படத்தில், ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்லைஸ் ஸ்லைஸாக மவுஸால் ஓரம் வரைய வேண்டும். உள்ளே அடங்கியதைக் கூட்டினால் கன அளவு வரும். கடல்குதிரை போல இருக்கிறதென்று 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான அராண்ட்சி வைத்த பெயர் அது. ஸ்கேன் படத்தில் அந்த உருவமெல்லாம் தெரியாது. காதுக்கு உள்பக்கமாக, சாம்பல் நிறத்தில், நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கும்.

முன்பக்கம்தான் சிரமம். அமிக்டலா என்ற இன்னொரு மூளைப் பகுதி வந்து அதன் மேல் படுத்திருக்கும். இரண்டும் ஒரே சாம்பல். நடுவில் ஆல்வியஸ் என்ற வெள்ளை இழை ஓடும்; பல இடங்களில் அது ஒரு வாக்ஸல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், அளவு தடிமன்கூட இருக்காது. சில படங்களில் கண்ணுக்குத் தட்டுப்படும், சிலவற்றில் கரைந்துபோயிருக்கும். அப்போது முன் ஸ்லைஸையும் பின் ஸ்லைஸையும் புரட்டி, பக்கவாட்டுத் தோற்றத்தையும் பார்த்து, இங்கேதான் என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு என்னுடையது. ஆனால் வெளியே போகும்போது தசமப் புள்ளியோடு ஓர் எண்ணாகப் போகும்.

ஒரு நாள் சீனியர் மேடம் இருபது படம் கொடுத்தார். போட்டு முடித்ததும், "இதுல ஆறு, நீங்க போன மாசமே போட்டது" என்றார். பெயரையும் எண்ணையும் மாற்றிக் கொடுத்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் வித்தியாசம் 2 சதவீதம், இன்னொன்றில் 7. அதே படம், அதே கை.

அன்று சாயங்காலம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் சுமார் 3 சி.சி. எங்கள் வாக்ஸல் ஒரு கன மில்லிமீட்டர். ஆக, மொத்தம் 3,000 வாக்ஸல், 40 ஸ்லைஸ். ஒரு ஸ்லைஸுக்கு எழுபத்தைந்து சதுரம். அதில் முப்பது போல ஓரத்திலேயே இருக்கும். வயதானவர்களுக்கு இயல்பாக ஆண்டுக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறைகிறது. அல்சைமர் நோயில் 4 முதல் 5 சதவீதம். அதாவது முதுமை என்பது ஸ்லைஸுக்கு ஒரு சதுரம், நோய் என்பது ஸ்லைஸுக்கு ஏறக்குறைய நாலு சதுரம். என் கை ஒரு மாதத்தில் அதற்கு மேல் நகர்ந்திருந்தது.

அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால் கூட்டும்போது பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும். ஒரே பக்கமாகச் சாய்ந்தால்தான் ஆபத்து. எனக்கு அப்படிச் சாய்வு இருந்தது. படங்களை இடவலம் புரட்டிக் கொடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: திரையின் ஒரு பக்கத்தில் இருப்பதை எப்போதும் சற்றுத் தாராளமாக வரைகிறேன். இது எனக்கு மட்டும் உள்ள பழக்கமல்ல, மற்ற ஆய்வுக்கூடங்களிலும் பார்த்ததுதான். அதன் பிறகு பாதிப் படங்களைப் புரட்டியே போடுகிறோம்.

எங்கே கோடு போடுவது என்பதிலேயே உலகத்தில் ஒற்றுமை இருக்கவில்லை. ஒரு கூடத்து 3 சி.சி.யை இன்னொரு கூடத்து 3 சி.சி.யோடு ஒப்பிட முடியாது. ஐரோப்பிய அல்சைமர் கூட்டமைப்பும் அமெரிக்காவின் ஏ.டி.என்.ஐ. என்ற அல்சைமர் ஆய்வுத் திட்டமும் சேர்ந்து 12 வரைமுறைகளை ஒப்பிட்டு, 2015-இல் பொதுவான ஒன்றைக் கொண்டுவந்தது பெரிய விஷயம். எங்களுக்கு அது உயிர் கொடுத்தது போல.

சரி, கை வேண்டாம், கம்ப்யூட்டரே போடட்டும் என்றால்? அது ஒரே படத்துக்கு ஒரே விடை தரும், அதே வெர்ஷனாக இருக்கும்வரை. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூளைப் பகுதிகளைத் தானாக அளக்கும் ஃப்ரீசர்ஃபர் சாஃப்ட்வேரின் வெவ்வேறு வெர்ஷன்களில் ஒரே படங்களை ஓட்டிப் பார்த்தார்கள். மூளைப் பகுதிகளின் கன அளவு சராசரியாக 8.8 சதவீதம் மாறியது. கம்ப்யூட்டரின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறினால்கூட விடை மாறியது.

இதைப் படித்திருந்தும் நாங்கள் தவறினோம். ஒரு பெரியவருக்கு ஒரு வருட இடைவெளியில் இரண்டு ஸ்கேன். 6 சதவீதம் சுருக்கம் என்று ரிப்போர்ட் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வேறு எதற்கோ பழைய ஃபைலைத் திறந்தபோதுதான் பார்த்தேன்: முதல் ஸ்கேன் பழைய வெர்ஷனில் ஓடியது, இரண்டாவது புதியதில். வயிற்றைக் கலக்கியது. இரண்டையும் ஒரே வெர்ஷனில் மறுபடி ஓட்டினேன். 1.8 வந்தது.

டாக்டரிடம் சொன்னேன். உடனே குடும்பத்தைக் கூப்பிட்டார். அந்த இரண்டு நாளில் மகள் தன் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்திருந்தார். டாக்டர் நிதானமாக விளக்கினார்: மறதி இருப்பது உண்மை, அதற்கான சோதனைகள் தொடரும், சுருக்கம் மட்டும் நாங்கள் சொன்ன அளவு இல்லை. மகள் என் பக்கம் திரும்பினார்.

"அப்போ இந்த 1.8 ஆவது சரியா சார்?"

"முன்னே பின்னே இருக்கும்மா. எங்க அளவுல ரெண்டு சதவீதம் வரைக்கும் கூடலாம், குறையலாம். ஒண்ணுமே சுருங்காமலும் இருக்கலாம்."

"அதை இதுல எழுதிக் கொடுங்க."

புதிய ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் முதல் அந்த வரியை அச்சிலேயே சேர்த்துவிட்டோம்.