வௌவால்களிடம் நாள் கேட்டு

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் குடியேறியவர்களிடம் எங்கே போகலாம் என்று கேட்டால் யோசெமிட்டி என்பார்கள். எனக்கோ, தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பினக்கிள்ஸ் மீதுதான் கண். 2013இல்தான் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள்.

முதலில் வாசலைத் தீர்மானிக்க வேண்டும். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. நடுவே நடைபாதைதான் உண்டு, கார் போகாது. தவறான பக்கம் போய் நின்றால் மலையைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். நாங்கள் கிழக்கு. பேர் கல்ச் குகை அங்கேதான்.

அந்தக் குகைக்கு நாள் குறிப்பவை வௌவால்கள். அவை குட்டி போட்டு வளர்க்கும் மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை வழக்கமாகக் குகையை மூடிவிடுவார்கள். முழுக் குகையும் திறப்பது பெரும்பாலும் மார்ச்சிலும் அக்டோபரிலும் சில நாட்கள் மட்டுமே. "பையனுக்கு லீவு விடட்டுமே" என்றார் கணவர். ஜூனில் குகையும் கிடையாது, வெயிலும் 38 டிகிரியைத் தாண்டும். ஆக, மார்ச். அதிலும் வார நாள். சனி, ஞாயிறில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. ஒருநாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குடி முழுகாது.

சுண்ணாம்புக் குகை என்று நினைத்துப் போகக் கூடாது. குறுகலான பள்ளத்தில் பெரும்பாறைகள் உருண்டு விழுந்து மேலே சிக்கிக்கொள்ள, அடியில் மிஞ்சிய இடுக்குதான் குகை. பாறைகளோ சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலையின் மிச்சம். சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவு அதில் ஒரு பங்கை முன்னூறு கிலோமீட்டர் வடக்கே இழுத்து வந்துவிட்டது. மீதி தெற்கே, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கிலுள்ள லங்காஸ்டர் பக்கம் கிடக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "குனிஞ்சு குனிஞ்சு இருட்டுல நடக்க என் முட்டி தாங்காதுடி" என்று முடித்துவிட்டார். கலிஃபோர்னியா காண்டார் கழுகு என்றதும்தான் நிமிர்ந்தார். 1982இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தன. கூண்டில் பெருக்கி, 2003 முதல் இங்கே பறக்கவிடுகிறார்கள் என்றேன்.

"திருக்கழுக்குன்றத்துல உச்சிவேளைக்குச் சோறு சாப்பிட வருமே, நீ பார்த்ததில்ல. இப்ப அதுங்களும் வர்றதில்ல. இதுக்கும் சோறு வைப்பாங்களா?"

பார்க்க வருபவர்கள் எதுவும் வைக்கக் கூடாது என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. நாங்கள் குகைக்குள் போய் வரும்வரை, கீழே மரத்தடி மேசையில் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பதாக ஒப்புக்கொண்டார்.

பூங்காவுக்குள் பெட்ரோல் இல்லை. ஹாலிஸ்டரிலேயே நிரப்பிவிட வேண்டும். செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளணும். குகைக்கு ஆளுக்கொரு டார்ச். புளியோதரை அம்மா பொறுப்பு.