எஸ்தரேசு

விலங்கியல் சேர் காலமான செய்தி நம் வகுப்புக் குழுவில் வந்ததும் ஆளாளுக்கு அவருடைய பிரம்பைத்தான் நினைவுகூர்ந்தார்கள். என்னை அவர் அடித்ததே இல்லை. பெயர் வைத்தார், அது போதாதா?

நரம்புத்தொகுதிப் பாடம் யாருக்கும் மறந்திருக்காது. வாங்குகளை ஒதுக்கிவிட்டு இரண்டு வரிசை, இரண்டு நரம்புக் கலங்கள். முன்னால் நிற்பவன் தோளில் தட்டிக்கொண்டே போனால் அது நரம்பில் ஓடும் மின்செய்தி, மின்கணத்தாக்கம். வரிசையின் கடைசி ஆளிடம் கை நிறையச் சோக்குத் துண்டுகள், அவைதான் அசற்றைல்கோலின் என்ற செய்தி இரசாயனம். கதவடியில் நிற்கும் 'கல்சியம்' உள்ளே ஓடிவந்த பிறகுதான் அவன் கையைத் திறக்கலாம். எறிந்த சோக்கை எதிர் வரிசையின் முதல் ஆள் பிடித்தால் அங்கே மறுபடி தட்டல் தொடங்கும். மூளையில் இரண்டு கலங்களுக்கும் நடுவே அந்த இடைவெளி ஏறத்தாழ 20 நனோமீற்றர்தான். ஆனால் மின்சாரம் அங்கே நின்றுவிட, இரசாயனம்தான் செய்தியைக் கொண்டுபோகிறது.

"சரி, கீழே கிடக்கிறதை ஆர் பொறுக்கிறது?" என்று கேட்டுக் கடைசி வாங்குக்காரனைத் தேடினார். முழங்காலில் தவழ்ந்து பொறுக்கினேன். அசற்றைல்கோலினை உடைத்து அகற்றும் நொதியம், அசற்றைல்கோலின் எஸ்தரேசு! மணி அடிக்கும் முன்பே முதற்பாதி உதிர்ந்து வெறும் 'எஸ்தரேசு' ஆனேன். உங்களில் பலருக்கு என் சொந்தப் பெயர் இன்னும் தெரியாது.

அந்த நொதியம் இல்லாவிட்டால் அசற்றைல்கோலின் உடையாமல் தேங்கும், தசைகள் முடங்கும், மூச்சு நிற்கும். சில பூச்சிகொல்லிகளும் நரம்பு நச்சு வாயுக்களும் ஆளைக் கொல்வது அதை முடக்கித்தான். அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் பெருமையோடு தவழ்ந்திருப்பேன்.

நரம்பு இரசாயனத்தால் செய்தி கடத்துவதைக் காட்டிய ஓட்டோ லோவியின் கதை சொல்லும்போது மட்டும் பிரம்பு மேசையில் கிடக்கும். 1921இல் இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அது கிடந்த திரவத்தை மற்றதற்கு மாற்ற, நரம்பே தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவானது. 1936இல் நோபல் பரிசு. 1938இல் நாசிகள் அவரைச் சிறையில் போட்டு, பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டுதான் நாட்டைவிட்டுப் போக விட்டார்கள். சோதனைக்கு வராத அந்தப் பகுதியைச் சேர் ஏன் அவ்வளவு நேரம் சொன்னார் என்று அப்போது விளங்கவில்லை.

பாடம் ஏற்பியோடு, அதாவது சோக்கைப் பிடிக்கும் கையோடு, நின்றது. "கலத்துக்குள்ளே நடக்கிறது அடுத்த தவணை." அடுத்த தவணைக்கு நான் அங்கே இல்லை. மிச்சத்தை அந்நிய மொழியில், ஒரு நூலகத்தில் படித்தேன். சில ஏற்பிகள் உடனே வாயில் திறந்து அயன்களை விடும், மில்லி வினாடிகளில் கதை முடிந்துவிடும். வேறு சில, ஜி புரதத்தை எழுப்பி, அது சைக்ளிக் ஏஎம்பி என்ற உள் தூதுவனைப் பெருக்கி, அது கைனேசு என்ற நொதியங்களை ஏவி, சிலவேளை செய்தி கருவுக்குள் மரபணு வரை போகும். நீண்டகால நினைவு பதிவதில் இந்த மெதுவான பாதைக்குப் பெரிய பங்கு. அதைச் சோக்கை வைத்து எப்படிக் காட்டியிருப்பாரோ!

பிறகு அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது. தொலைபேசியில் குரல் நன்றாகத் தேய்ந்திருந்தது, பாடம் தேயவில்லை. "எஸ்தரேசு, எனக்கு நடுமூளையிலே டோபமைன் செய்யிற கலங்கள் செத்துக்கொண்டு போகுது. டோபமைனையே குளிசையாய்த் தந்தால் என்ன?"

"குருதி மூளைத் தடையைத் தாண்டாது, சேர்."

"அப்ப?"

"லெவோடோபா. அது தாண்டும், உள்ளே போய் டோபமைனாய் மாறும்."

"இரும்," என்றார், வகுப்பில் சொல்வதுபோலவே.

அவருடைய கடைசிக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கிப் போகப்போகச் சுருங்கியிருந்தது. அந்த நோயின் எழுத்து அது. கடைசி வாங்கிலிருந்தும் வாசிக்கக் கரும்பலகையில் எழுதிய கை. வருகிறேன், வருகிறேன் என்றே பதில் எழுதினேன். லீவு கிடைக்கத்தான் செய்தது, வேறு ஊர்களைப் பார்க்கப் போனேன்.

நான் வெளிக்கிட்ட பிறகு அந்த அடுத்த தவணையில் இருந்தவர்களில் யாரிடமாவது விலங்கியல் கொப்பி இன்னும் இருக்கிறதா? ஏற்பிக்கு அடுத்த பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்.