குப்புறப் படுத்திருந்த ஆடி

ஆகஸ்ட் 1
கண் ஆபரேஷன் ஆயிற்று, இனி குப்புறத்தான். சாப்பிடவும் கழிவறை போகவும் மட்டும் எழலாம். தரையில் மொசைக். அதில் ஒரு கறுப்புக் கல் ஆமை மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 2
இதை ஃபோனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. 'வாயு' என்றால் 'வாய்' என்று போடுகிறது. அக்கா மகள் பாப்பா சாயங்காலம் வந்து திருத்துவாள். கொடைக்கானல் கிரகப்பிரவேசத்துக்கு நான் போகக் கூடாதாம். மலை ஏறினால் கண்ணுக்குள் விட்டிருக்கும் வாயு விரிந்துவிடும். போகாமல் இருக்க இவ்வளவு நல்ல காரணம் இதுவரை கிடைத்ததில்லை.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், எல்லாம் தலையைத் தூக்காமல்.

"என்ன படிக்கட்டும் மாமா?" என்றாள் பாப்பா. இன்றைக்கு வேறு எதைச் சொல்வது? கல்கியின் பொன்னியின் செல்வனில் இதே பதினெட்டாம் பெருக்கில்தானே வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வருகிறான். "படம் பார்த்துட்டேனே" என்றாள். பரவாயில்லை, படி என்றேன்.

எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். எழுபத்து நான்கு கணவாய் என்ற இடத்தில் நிறுத்தி, "கணவாய்னா மலையில இருக்கிறது இல்லையா?" என்றாள். ஏரித் தண்ணீர் வெளியே போகும் வழி என்று சொன்னேன். எனக்கு அது எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள் என்று ஞாபகமே இல்லை.

சாப்பிட எழுந்தபோது இடது கண்ணில் தண்ணீர்மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடியது. மேலே கொஞ்சம் வெளிச்சம், கீழே முழுக்க ஏரி.

ஆகஸ்ட் 4
தூக்கமில்லை. கழுத்து.

ஆகஸ்ட் 6
கடம்பூர் மாளிகை. நடுநிசிக் கூட்டம். மூடுபல்லக்கிலிருந்து யார் இறங்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாப்பாவின் மூச்சு மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மாறவில்லை. மதுராந்தகன் இறங்கினான், அவள் பக்கத்தைத் திருப்பினாள். படத்தில் பார்த்தாயிற்றே. யார் மேலோ கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். குடித்த சொம்புகூட ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 7
நளபாகம் நாவல் அலமாரியில் இருக்கிறதா என்று மனைவியைப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறது. பாலிதீன் உறை பிரிக்காமல்.

ஆகஸ்ட் 9
இன்று நிறையப் பேசப் போகிறேன், பாப்பா மன்னிக்க.

பொன்னியின் செல்வனை அப்பா தொடராக வந்தபோதே படித்தவர், 1950 முதல் 1954 வரை வாராவாரம். ஓவியர் மணியத்தின் படங்களோடு கிழித்து, தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார். அதாவது அப்பாவின் முதல் வாசிப்பு மூன்றரை வருடம் நீடித்தது. எனக்குப் பதினோரு நாளில் தீர்ந்தது. ஒரு வாரம் முழுக்க நந்தினியை யாரென்று தெரியாமல் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்வந்த பையன் அவர். நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை.

அவர் பைண்டில் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தது. ஈழத்துக் காட்டில் நடக்கும் ஓர் அத்தியாயம். நானே அதை மனசுக்குள் எழுதிக்கொண்டேன், யானையெல்லாம் வைத்து. பிறகு நூலகத்தில் நிஜ அத்தியாயத்தைப் படித்தபோது, கல்கி மன்னிக்கட்டும், என்னுடையது தேவலை என்று தோன்றியது.

முதல் முறையாக மறுபடி படிக்க எது வேண்டும் என்று யாராவது கேட்டால் தி. ஜானகிராமனின் மோகமுள் என்று சொல்லிவந்திருக்கிறேன். பொய். இருபது வயதில் அதன் நாயகன் பாபுவுக்காக உருகினேன். நாற்பத்தைந்தில் எடுத்தபோது பாபுவை உட்காரவைத்து இரண்டு வார்த்தை கேட்கலாம்போல இருந்தது. அவன் அப்பா வைத்தியையும் சங்கீத குரு ரங்கண்ணாவையும்தான் தேடித் தேடிப் படித்தேன். இன்று முதல்முறையாக அதைக் கையில் கொடுத்தால் பாதியில் வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்த இருபது வயதையும் சேர்த்துக் கொடுத்தால் சரி.

அசோகமித்திரனின் 18வது அட்சக்கோடு வேண்டாம். அதன் கடைசிப் பக்கத்தை ஒருமுறை படித்ததே போதும். அந்தப் பெண்ணை மறுபடி தெரியாமல் போய்ச் சந்திக்க என்னால் முடியாது.

ஃபோன் சூடாகிவிட்டது.

ஆகஸ்ட் 10
ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12
முதலை!

அரிசிலாற்றங்கரை. பெண்கள் அலறும் சத்தம், வந்தியத்தேவன் குதிரையிலிருந்து குதித்து ஓடுகிறான், முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. பாப்பா வேகமெடுத்துப் படித்தாள், எழுத்துக்கூட்டுவதெல்லாம் போன இடம் தெரியவில்லை. வேலை எறிகிறான். முதலை அசையவே இல்லை. அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள். செத்த முதலை, வயிற்றில் பஞ்சு!

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும். குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தால் விலா வலிக்கிறது. ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. நான் அந்த முதலையைச் சுத்தமாக மறந்திருந்தேன். அவன் வேலை எறியும்வரை எனக்கும் அது உயிருள்ள முதலைதான். பல்லக்கை நாற்பது வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், பஞ்சடைத்த முதலை எப்போதோ நழுவிவிட்டிருக்கிறது. இன்னும் என்னென்ன நழுவியிருக்கும்?

ஆகஸ்ட் 14
பரிசோதனை. விழித்திரை நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார்கள். எவ்வளவு தெரியும் என்று கேட்டேன். பொறுங்கள் என்றார்கள். வலது கண் சிறு வயதிலிருந்தே எடுபடாத கண், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இனி உட்காரலாம். மல்லாந்து மட்டும் கூடாது.

ஆகஸ்ட் 15
ஆமைக் கல்லை நின்றபடி பார்த்தால் ஆமை மாதிரியே இல்லை.

ஆகஸ்ட் 17
"நளபாகம் படிக்கட்டுமா மாமா? சின்னப் புத்தகமாத் தெரியுதே" என்றாள். வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. முகம் வாடிவிட்டது. எப்படி விளக்குவது? தி. ஜானகிராமனின் கடைசி நாவல் அது. மற்றதெல்லாம் முடித்துவிட்டேன். இதை முடித்தால் அவரிடம் எனக்குத் தெரியாதது எதுவும் மிச்சமிருக்காது. 1982இல் போய்விட்ட மனிதர், இனி எழுதப்போவதில்லை. இருபத்திரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். வைத்திருந்தது முட்டாள்தனமோ என்று போன மாதம் முதல்முறையாகத் தோன்றியது. ஆனாலும் இன்னொருவர் குரலில் வேண்டாம்.

ராத்திரி இவள் சொன்னாள்: "அந்தப் புள்ள காலேஜ் லீவ உங்களுக்காகச் செலவழிக்குது." தெரியும்.

ஆகஸ்ட் 18
பாப்பாவுக்கு ஜிகர்தண்டா வாங்கிவரச் சொன்னேன். சமாதானம்.

ஆகஸ்ட் 20
கோடு இப்போது உருண்டையாகிவிட்டது. பார்வையின் அடியில் கறுப்பு விளிம்போடு ஒரு குமிழி உருள்கிறது. குனிந்தால் நடுவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 22
பாப்பா விடுதிக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டாம் பாகம் சுழற்காற்று பாதியில் நிற்கிறது. ஐந்து பாகத்தையும் பையில் திணித்துக்கொண்டு போனாள், அப்பாவின் பைண்டு அல்ல, என் மலிவுப் பதிப்பு. வாசலில் செருப்பைப் போட்டபடி, "ஆதித்த கரிகாலனைக் குத்துறது யாருன்னு புக்ல தெளிவா இருக்குமா மாமா?" என்றாள். இதையே நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். நான் ஆட்டோ வந்துவிட்டது என்றேன்.

ஆகஸ்ட் 25
வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

ஆகஸ்ட் 26
குமிழி மிளகு அளவு. ராத்திரி ஒன்றரை மணிக்கு பாப்பாவிடமிருந்து குரல் செய்தி: "மாமா, தூங்கிட்டீங்களா? பூங்குழலி!" அவ்வளவுதான். நான்கு முறை கேட்டேன்.

ஆகஸ்ட் 28
காலையில் குமிழி இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். நாட்காட்டியில் தேதி தெரிகிறது, ஆனால் கட்டங்களின் கோடுகள் நடுவில் வளைகின்றன. நாளை அளவு பார்க்கிறார்கள். சொட்டுமருந்து விட்டபின் ஒரு மணி நேரம் உட்காரவைப்பார்கள். நளபாகத்தைப் பையில் வைக்கச் சொன்னேன். இவள் உறையோடவா, பிரித்தா என்று