பழைய ஜிப்சிக்கு மூன்று கேஜ் பொருத்திய அனுபவம்

ஜிப்சியின் டேஷ்போர்டில் எஞ்சினின் நிலையைச் சொல்ல இருப்பது ஒரு சின்ன ஹீட் முள்ளும் ஒரு சிவப்பு ஆயில் விளக்கும்தான். என்னுடையது 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங், 1298 சிசி, கார்புரேட்டர் வண்டி. ஓடும் எஞ்சினில் ஆயில் பிரஷர் (சதுர செ.மீ.க்கு) மூன்று நான்கு கிலோ இருக்க வேண்டும். அந்த விளக்கு எரிவதோ பிரஷர் அரைக் கிலோ அளவுக்கு இறங்கிய பிறகுதான். அதற்குள் பேரிங் அடி வாங்கியிருக்கும். 1941-இல் வந்த வில்லிஸ் ராணுவ ஜீப்பிலேயே ஆயில் பிரஷருக்கும் ஹீட்டுக்கும் தனித்தனி கேஜ் (அளவு காட்டும் முள் மீட்டர்) உண்டு. பின்னால் வந்த வண்டிகளில் அதை எடுத்துவிட்டு ஒரு பல்பை வைத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஆயில் பிரஷர், ஹீட், வோல்ட் என்று மூன்று கேஜ் போதும் என்று முடிவு செய்தேன். ஆம்பியர் மீட்டர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். அதைப் போட்டால் சார்ஜிங் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு வழியாகப் போய் வரும். ஒரு போல்ட் லூசானால் அங்கேயே சூடேறும். வோல்ட் மீட்டருக்கு மெல்லிய ஒயர் போதும். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் பேட்டரியும் ஆல்டர்நேட்டரும் நன்றாக இருக்கின்றன.

எங்கள் ஊர் நாமக்கல். லாரி பாடி கட்டும் ஊர் என்பதால் மீட்டர், ஒயரிங், லேத் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் கேஜ் ஒரு கடையிலும் சென்சார் இன்னொரு கடையிலும் வாங்கக் கூடாது. வி.டி.ஓ. என்ற ஜெர்மன் கம்பெனி வகை ஆயில் சென்சாரின் மின்தடை 10 முதல் 180 ஓம் வரை போகும். அமெரிக்க வகை பெரும்பாலும் 240-இல் தொடங்கி 33 ஓமுக்கு இறங்கும். மாற்றிப் போட்டால் முள் ஆடும், ஆனால் எண் பொய்யாக இருக்கும். 52 மில்லி வி.டி.ஓ. வகை கேஜும் அதற்குரிய சென்சாரும் ஒன்றாக வாங்கினேன்.

அடுத்தது மரை, அதாவது திருகுப் புரி. ஆயில் ஃபில்டர் பக்கத்தில், சிவப்பு விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்றினால் அங்கே சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துளை. ஜப்பானிய எஞ்சின்களில் அது எட்டில் ஒரு பங்கு பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் அளவு) டேப்பர் மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. சந்தையில் கிடைக்கும் இணைப்புகள் பல என்.பி.டி. (அமெரிக்க பைப் அளவு), அங்குலத்துக்கு 27 சுற்று. இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஓரிரு சுற்று உள்ளேயும் போகும், பிறகு பிடிக்கும். அப்போது ஸ்பேனரால் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். எனக்கு லேத் பட்டறை அண்ணன் பழைய சுவிட்சையே அளவாக வைத்துப் பித்தளையில் இணைப்பு கடைந்து கொடுத்தார்.

சென்சாரையும் பழைய சுவிட்சையும் ஒரே துளையில் சேர்க்கும் டி ஜாயின்ட்டை நேரே பிளாக்கில் மாட்டி, அதன் மேல் கனமான சென்சாரைத் தொங்கவிடுவதை நான் விரும்பவில்லை. எஞ்சின் அதிர்வில் பித்தளைக் கழுத்து ஒருநாள் முறியும், ஆயில் முழுக்க ரோட்டில் போகும். திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகள் புண்ணியத்தில் இந்தப் பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு குட்டி ஹோஸ் வாங்கி, டி ஜாயின்ட்டையும் சென்சாரையும் பழைய விளக்கு சுவிட்சையும் பாடியில் ஒரு பட்டையில் பொருத்தினேன். சிவப்பு விளக்கை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது.

இப்படிச் செய்தால் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடைக்காது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது. ரப்பர் ஹோஸில் தொங்கினாலோ, டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றினாலோ, பெயின்ட் மேல் பட்டையை முடுக்கினாலோ அந்த வழி அடைபடும். வி.டி.ஓ. ஆயில் சென்சாரில் ஓம் கூடினால் பிரஷர் கூடுதலாகத் தெரியும். ஹீட் சென்சாரில் ஓம் கூடினால் சூடு குறைவாகத் தெரியும். ஆக எர்த் கெட்டால் இரண்டு கேஜும் நல்ல செய்தியே சொல்லும்! அதனால் டி ஜாயின்ட்டிலிருந்தும், ஹீட் சென்சாருக்காக மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டிச் செருகிய அலுமினியக் குழாயிலிருந்தும் எஞ்சின் பிளாக்குக்குத் தனி எர்த் ஒயர் இழுத்தோம். ஹெட்லைட்டைப் போட்டு அணைத்துப் பார்த்தோம். ஆயில், ஹீட் முட்கள் நகரவில்லை. அப்போதுதான் நம்பிக்கை வந்தது. ஹீட் சென்சாரைப் பொருத்துவதற்கு முன்பே கொதிக்கும் தண்ணீரில் விட்டு, நூறுக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

மற்றதெல்லாம் சுலபம். டேஷ்போர்டை அறுக்க மனமில்லை, கீழே ஒரு தகட்டில் மூன்று ஓட்டை போட்டு மாட்டினேன். சாவி போட்டால் வரும் லைனில் 3 ஆம்பியர் ஃபியூஸ், கேஜ் விளக்குக்குப் பார்க் லைட் லைன், ஒயர் தகட்டைத் தாண்டும் இடத்தில் அது அறுபடாமலிருக்க ரப்பர் கிராமெட் (வளையம்). அவ்வளவுதான்.

சோதனைக்குக் கொல்லிமலை. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில் ஏற ஏற ஹீட் 90, 97, 104 டிகிரி என்று போனது. வண்டியோடு வந்த கம்பெனி முள் மட்டும் நடுவிலேயே நின்றது. மேலே சமதளத்தில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் 88-க்கு இறங்கியது. வேகத்தில் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போது ஏறி, காற்று பட்டதும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல்தான். சூடான எஞ்சினில் ஃபேனைக் கையால் சுற்றிப் பார்த்தார் மெக்கானிக் (எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான்). தடையே இல்லாமல் சுழன்றது. சூடேறினால் ஃபேனை எஞ்சினோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய ஃபேன் கப்ளிங் செத்துப்போயிருந்தது. மாற்றிய பிறகு அதே ஏற்றத்தில் 94-ஐத் தாண்டுவதில்லை. ஆயில் பிரஷர், மலை ஏறி வந்து ஐடிலில் நிற்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேல், ஓட்டத்தில் மூன்றரை. ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. (ஒரு கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ.) என்று மெக்கானிக்குகள் சொல்லும் கணக்குக்கு இது தாராளம்.

ஒரு விஷயம் மட்டும், இதைப் படித்து யாராவது கேஜ் போடுவதாக இருந்தால். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் ஹீட் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும். ஏற்றத்தில் ஹீட் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாமல் உடனே வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் ஆறும்வரை தொடாதீர்கள்.