கறுப்பு போர்தோ

விரல் நுனியில் கரி ஒட்டிக்கொண்டது.

பிரான்சின் போர்தோ நகரில், சேன் மிஷேல் பக்கம் ஒரு சந்தில், இன்னும் யாரும் கழுவாத ஒரே ஒரு வீடு. சுவரைத் தடவிப் பார்த்ததில் வந்த கரி. துடைக்க மனசு வரவில்லை.

1997இல் படிக்க வந்தபோது போர்தோவே இந்த நிறம்தான். எல்லாம் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். வருஷக்கணக்கில் புகை படிந்து, விறகடுப்பு வைத்த அடுப்படிச் சுவர் மாதிரி இருக்கும். கரைக்குப் போனால் கரோன் ஆறு தெரியாது, பழைய சரக்குக் கொட்டகைகள்தான் தெரியும். ஆற்றைப் பார்க்கவென்றே கல்பாலத்தில் ஏறுவோம்.

இப்போது கொட்டகைகள் பெரும்பாலும் இல்லை. சுவரெல்லாம் தேன் நிறம். நடு ஊரில் ட்ராம் தலைக்கு மேல் கம்பியே இல்லாமல் ஓடுகிறது, மின்சாரம் தரையிலிருந்து.

பூர்ஸ் சதுக்கத்துக்கு எதிரே 2006இல் திறந்த நீர்க்கண்ணாடி. கருங்கல் தளத்தில் 2 செ.மீ. தண்ணீர், அவ்வளவுதான். அதில் சதுக்கத்து மாளிகை மொத்தமும் தலைகீழாக. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த மாளிகையின் மேலேயே ஓடுகிறார்கள்.

அழகுதான். பொய் சொல்லமாட்டேன். நானும் கால் நனைத்தேன்.

ஆனால் நான் குடியிருந்த தெருமுனை ரொட்டிக்கடை இல்லை. அங்கே பெட்டி இழுத்து வருகிறவர்களுக்கு அறைச்சாவி கொடுக்கிறார்கள். ஊர் அழுக்காக இருந்ததால்தான் என்னைப் போன்றவனுக்கு அதில் ஓர் அறை கிடைத்ததோ?

அந்தக் கரி வீட்டுக்கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் சாரம் கட்டுகிறார்களாம்.