பூங்கா இடத்தைக் காப்பாற்றியது ஒரு தானப் பத்திரம்

எங்கள் மனைப்பிரிவின் பூங்கா இடத்தில் அடுக்குமாடி எழும்பாமல் ஒருவழியாகத் தடுத்துவிட்டோம். ஆனால் அலைக்கழித்தவர்கள் மேல் இருக்கும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையை ஒட்டிய ஊராட்சி எங்களுடையது. சுற்றிலும் கட்டிக்கொண்டே போனதில் மழைத் தண்ணீர் இறங்க மண் தரையே இல்லை. மிச்சமிருந்த பூங்கா இடத்திலும் கம்பிவேலி போட்டு ஜேசிபியை இறக்கிவிட்டார்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினோம். எழுத்தர் சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பட்டா லேஅவுட் போட்டவர் பேர்லதான் சார் இருக்கு, அவர் இடத்துல அவர் கட்டுறாரு" என்றார். மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடத்தைக் கேட்டால், ஒப்புதல் தரும் நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபிக்குப் போகச் சொன்னார். அங்கே போனால், "உங்க ஊராட்சியிலயே இருக்குமே!"

சரி என்று இரண்டு இடத்துக்கும் தகவல் உரிமை மனு போட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள், மழுப்பலாக ஒரு வரி வரும். ஆவணத்தைக் குறிப்பிட்டு, சான்றிட்ட நகல் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் கேட்கலாம், சட்டம் இடம் தருகிறது. ஊராட்சி 30 நாள் கெடுவைக் கடத்தியது. மேல்முறையீடு செய்த பிறகு வந்த பதில்: "கோப்பு கிடைக்கப்பெறவில்லை." நல்லவேளை, டிடிசிபியிலிருந்து வரைபடம் வந்தது. அதில் அந்த இடம் பூங்கா என்று தெளிவாக இருந்தது. அப்போதும் எழுத்தர் பட்டாவையே பிடித்துக்கொண்டு நின்றார்.

வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற விஏஓ ஐயா. "வில்லங்கம் போட்டுப் பாருங்க தம்பி" என்றார். ஒரு இடத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் அந்த வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். லேஅவுட் போட்ட வருடத்திலிருந்து தேடியதில் ஒரு வரி சிக்கியது: சாலைகளையும் பூங்காவையும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம்! இடம் அன்றைக்கே கைமாறிவிட்டது. பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்ற மட்டும் யாரும் மனு போடவில்லை. இத்தனை வருடம் அந்த ஓட்டையில்தான் ஆட்டம் நடந்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிய நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து அக்டோபர் 2 கிராம சபை. இங்கே கவனமாக இருங்கள். உள்ளே நுழையும்போதே வருகைக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வதாகச் சொல்வார்கள். நாங்கள் ஒருவரும் நகரவில்லை. சர்வே எண், தானப் பத்திர எண் இரண்டையும் சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, பக்கத்தைப் படம் எடுத்த பிறகுதான் கலைந்தோம். "பரிசீலிக்கப்படும்" என்று முதலில் எழுதியதை எங்கள் பகுதிப் பெண்கள் அடிக்கவைத்து, "கட்டுமானத்தை நிறுத்த வேண்டும்" என்று மாற்றவைத்தார்கள். அதன் நகலோடு கலெக்டருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (பிடிஓ) மனு போனது. அப்புறம் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள், ஜேசிபியும் வெளியேறியது.

பட்டா இன்னும் மாறவில்லை, தாசில்தார் அலுவலகத்தில் மனு கிடக்கிறது. அது மாறும்வரை விடப்போவதில்லை. உங்கள் பூங்காவின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இணையத்தில் இன்றைக்கே பாருங்கள். வேலி போட்ட பிறகு தேடினால் அலைச்சல் பல மடங்கு.